முப்பது கிலோமீட்டருக்குள் விளைந்த நிச்சயதார்த்தம்

அந்தப் பையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திக்கோங்கோம்மா. பஸ் ஜன்னல் வெயில் நேரா கொத்தவரங்காய் மேல விழறது. எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லை. காய் வாடறதைப் பார்த்துண்டு என்னால உட்கார முடியாது, அவ்வளவுதான். ஒண்ணு எடுத்துப் பார்க்கட்டுமா? ஒடிச்சுட்டேன், கோவிச்சுக்காதேங்கோ. சத்தம் கேட்டேளா? நாரே இல்லை. காலம்பறதான் பறிச்சிருக்கா. எங்க வாங்கினேள், கும்பகோணத்துல இயற்கை அங்காடின்னு போர்டு போட்டிருக்கே, அங்கயா? அப்போ பொன்னுரங்கம் தோட்டத்துக் காயாத்தான் இருக்கும். அவர் காயை வெச்சுண்டு நான் ஒரு நிச்சயதார்த்தமே பண்ணியிருக்கேன்.

நீங்களும் திருச்சிதானே? அப்போ நேரம் இருக்கு, சொல்றேன்.

என் பேர் தர்மாம்பாள். தர்மு மாமின்னு சொல்லுவா. சமையல்காரி. கல்யாணச் சமையல் இல்லை, திதிச் சமையல். உங்க வீட்டுல எப்படியோ, எங்கள்ல அப்பா அம்மா காலமான திதியில வருஷா வருஷம் சிராத்தம் பண்ணுவா. தெவசம்னு சொல்றது. அன்னிக்குச் சமையலுக்கு ஒரு கட்டு உண்டு. கேரட், பீன்ஸ், கோஸ், உருளைக்கிழங்கு, இந்த இங்கிலீஷ் காய் ஒண்ணும் அடுப்படிக்குள்ள வரப்படாது. தக்காளி கூடாது, வெங்காயம் கூடாது, மிளகாய் கூடாது, பெருங்காயம் கூடாது. காரத்துக்கு மிளகு. வாழைக்காய், கொத்தவரங்காய், பாகற்காய், புடலங்காய் இதெல்லாம் ஆகும். பிரண்டைத் துவையல் உண்டு. எள்ளுருண்டை கட்டாயம் உண்டு. குளிச்சு ஈரப் புடவையோட மடியா சமைக்கணும். எங்காத்துக்காரர் போனதுக்கு அப்புறம் நான் பிடிச்சுண்ட தொழில் இது. நன்னாத்தான் நடக்கறது. யாராவது போயிண்டேதானே இருக்கா.

ஆனா ஒண்ணு. திதிக்குச் சமைக்கறவளை நல்லதுக்குக் கூப்பிட மாட்டா. சீமந்தம், பூணூல், கல்யாணம், எதுக்கும். நான் பையைத் தூக்கிண்டு தெருவுல போனா, "இன்னிக்கு யாராத்துல மாமி?"ன்னு குரலைத் தணிச்சுண்டு கேப்பா. கல்யாணப் பந்தல் போட்டிருந்தா நானே அடுத்த சந்து வழியா சுத்திண்டு போயிடுவேன். அவா சொல்லி இல்லை. அவா சொல்றதுக்கு முந்தி. எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு சுபத்துக்கு, மேளம் காதுல விழற தூரத்துல நின்னுண்டு, பாயசம் கிளறணும். ஒரு தடவை போதும். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க திருச்சியில இறங்கிப் போயிடுவேள்.

இப்படி இருக்கறப்போதான் சேதுராமன் வந்தார்.

சேதுராமன்னு, பெரிய எஞ்சினியரா வடக்கே இருந்துட்டு, ரிட்டயர் ஆனப்புறம் கும்பகோணத்துல வீடு கட்டிண்டு வந்தவர். நல்ல மனுஷர். ஒரே பொண்ணு, ஹரிணி. அவருக்கு இங்க வந்ததும் சாப்பாட்டு மேல ஒரு ஞானம் வந்துடுத்து. மருந்தடிக்காத காய்தான் சாப்பிடணும், அந்தந்தப் பருவத்துல என்ன காய்க்கறதோ அதைத்தான் சாப்பிடணும், அதுவும் வீட்டுலேர்ந்து முப்பது கிலோமீட்டருக்குள்ள விளைஞ்சதா இருக்கணும். அவர் ஆம்படையாள் கோமளா ஒரு நாள் ஆப்பிள் வாங்கிண்டு வந்தாளாம். மனுஷர் அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "இது நம்ம ரெண்டு பேரையும் விட நிறைய ஊர் பார்த்திருக்கு"ன்னாராம். அப்புறம் அவள் ஆப்பிள் வாங்கலை. அவர் இல்லாதப்போ வாங்கியிருப்பாள்.

ஹரிணிக்கு வரன் குதிர்ந்தது. பையன் நிகில், பெங்களூர்ல வேலை. பையனோட அப்பா பஞ்சாபகேசன், அவரும் வடக்கே இருந்துட்டு அப்போதான் திருச்சிக்குக் குடி வந்திருந்தார். ஆவணி வளர்பிறையில நிச்சயதார்த்தம், பொண்ணாத்துலயே சாப்பாடு. சேதுராமன் முதல்ல பட்டாபியைத்தான் கூப்பிட்டார். பட்டாபி எங்க ஊர்ல பெரிய காண்டிராக்ட் சமையல். நீ இன்னின்னது போடக் கூடாதுன்னு இவர் சொல்லச் சொல்ல அவர் கேட்டுண்டே இருந்திருக்கார். கடைசியில, "சார், நீங்க சொல்றதெல்லாம் எடுத்துட்டா அடுப்பும் அண்டாவும்தான் மிஞ்சும். நான் அதை அனுப்பி வைக்கறேன்"னுட்டு எழுந்துண்டாராம். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "உங்களுக்குன்னே ஒரு ஆள் இருக்கா சார். தர்மு மாமியைக் கூப்பிடுங்கோ"ன்னாராம். சொல்லிட்டு சிரிச்சாராம். பட்டாபிக்கு என் மேல எப்பவுமே மரியாதை உண்டு.

சேதுராமன் என் வீட்டுக்கே வந்துட்டார். "மாமி, பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். நீங்கதான் சமைக்கணும்"னார்.

எனக்குக் காது சரியாக் கேட்டுதான்னு சந்தேகம். "யாருக்கு?"ன்னேன்.

"என் பொண்ணுக்கு."

"நீங்க கும்பகோணத்துக்குப் புதுசா?"ன்னேன்.

"ஆமாம், ஏன்?"

"சும்மா கேட்டேன். வரேன்"னுட்டேன்.

மறுநாள் என்னைக் கார்ல வெச்சுத் தோட்டத்துக்கு அழைச்சுண்டு போனார். அதுதான் பொன்னுரங்கம் தோட்டம், திருவையாறு போற வழியில. அம்மா, காய்னா அதுதான் காய். புடலங்காய் பந்தல்ல கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்கார், ஒவ்வொண்ணும் வகிடு எடுத்த மாதிரி நேரா இருக்கு. பாகற்காய் சின்னதா, கையில எடுத்தா முள்ளு குத்தறது. வாழைத்தார் ஒண்ணு அப்போதான் வெட்டிச் சாச்சு வெச்சிருந்தார், காம்புல பால் சொட்டிண்டிருந்தது. கடையில வாங்கற காயை நாம நறுக்கறோம். அந்தக் காய் நறுக்கறதுக்கு முந்தி நம்மளைப் பார்க்கறது. வேலியோரம் பிரண்டை, நான் கேக்காமலே.

பொன்னுரங்கம் கூச்சப்பட்டார். "இதெல்லாம் சாதாரணக் காயிங்க சார். விசேஷத்துக்கு மார்க்கெட்ல நல்ல காலிஃபிளவரா வாங்கிக்கிடுங்க"ன்னார்.

"அது எங்கேர்ந்து வரது தெரியுமா உங்களுக்கு?"ன்னு கேட்டார் சேதுராமன்.

"லாரியிலேர்ந்துங்க."

சேதுராமன் என் பக்கம் திரும்பினார். "என்ன மாமி, என்ன போடலாம்?"

தக்காளி இருக்கான்னு கேட்டேன். "இந்த மாசம் பூவெல்லாம் கொட்டிருதுங்க"ன்னார் பொன்னுரங்கம். அப்போ வேண்டாம்னார் சேதுராமன். வெங்காயம்? அது திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து வரது, தூரம், வேண்டாம். மிளகாய்? "போட்டிருந்தேன், இலை சுருண்டு போச்சுங்க, மருந்தடிச்சாத்தான் நிக்கும்"னார். மருந்தா, அப்போ மிளகாயே வேண்டாம். காரத்துக்கு என்ன பண்றதுன்னேன். "மிளகு போடுங்கோ, கொல்லிமலை மிளகு." அது முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குமேன்னேன். "மலைக்குக் கணக்கு வேற மாமி"ன்னார். படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். முந்திரி வெளியூர், சர்க்கரை மில்லுல வெளுத்தது, ரெண்டும் வேண்டாம், வெல்லம் போடுங்கோன்னார். பொன்னுரங்கம் ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். ஆனியில அடிச்ச கறுப்பு எள்ளு. ஒரு மணி தூசி இல்லை.

"இதுல ஒரு ஸ்வீட் பண்ண முடியுமா மாமி?"

"எள்ளுருண்டை பிடிக்கலாம்"னேன். என் கை கேக்காமலே உருட்ட ஆரம்பிச்சுடுத்து.

"பிரமாதம். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா போடுங்கோ."

கடைசியா, "பெருங்காயமாவது உண்டா?"ன்னேன்.

"மாமி, பெருங்காயம் எங்கேர்ந்து வரது தெரியுமா? ஆப்கானிஸ்தான்."

இத்தனை நாள் மளிகைக் கடையிலேர்ந்து வரதுன்னு நினைச்சுண்டிருந்தேன். பெருங்காயமும் போயிடுத்து. அப்போ எனக்கு ஏதோ சொல்லணும்போல இருந்தது. வாயைக்கூடத் திறந்தேன். அதுக்குள்ள சேதுராமன், "மாமி, நான் எத்தனையோ பேர்கிட்டப் பேசிட்டேன். உங்களால மட்டும்தான் இதைப் பண்ண முடியும்"னார். என் வாழ்க்கையில அப்படி ஒரு வார்த்தையை ஒருத்தரும் சொன்னதில்லை. திறந்த வாயை மூடிண்டேன். சொல்றதுக்கு அப்படி என்ன இருந்தது? நல்ல காய், நல்ல எள்ளு, நல்ல மனுஷர். நான் எதுக்குக் குறுக்கே பேசணும்?

வீட்டுல பெரியவா யாரும் இல்லையான்னு கேப்பேள். இல்லை. திதியெல்லாம் சேதுராமனோட அண்ணா மெட்ராஸ்ல பார்த்துக்கறார். வடக்கே இருந்தவரைக்கும் இவா போனதே இல்லை. கோமளாவுக்கு அன்னிக்குப் புடவைக்கு மேட்சா ஜாக்கெட் வரலைங்கற கவலை. அடுப்படியை அவள் எட்டிப் பார்க்கலை.

நிச்சயதார்த்தத்தன்னிக்கு விடிகாலம்பற குளிச்சேன். ஈரப் புடவையைக் கட்டிண்டேன், பழக்கம். வாழைக்காய் கறி, புடலங்காய்க் கூட்டு, பாகற்காய் பிட்லை, கொத்தவரங்காய் கறி, மிளகு ரசம், பிரண்டைத் துவையல், உளுந்து வடை, எள்ளுருண்டை, வெல்லப் பாயசம். கூடத்துல நாதஸ்வரம் ரெகார்டு போட்டுட்டா. நான் பாயசத்தைக் கிளறிண்டிருந்தேன். ரெகார்டுதான், இருந்தாலும் மேளம் மேளம்தானே. கொஞ்ச நேரம் வேணும்னே கிளறினேன். வெல்லம் எப்பவோ கரைஞ்சாச்சு.

பொண்ணு அடுப்படிக்கு வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. "மாமி, பசிக்கறது. ஒரு உருண்டை குடுங்கோ"ன்னாள். குடுத்தேன். நின்னுண்டே தின்னாள். நன்னா இருக்கு மாமின்னாள். "அவா ஒத்துப்பாளா மாமி? நிகிலோட அத்தை ரொம்பக் கண்டிப்புன்னு சொல்றா. அவா வேண்டாம்னா நிகிலோட அப்பா மீற மாட்டார்"னாள். அந்தப் பையன் மேல அவளுக்கு உயிர். "சாப்பிட்டுப் பார்த்தா ஒத்துப்பா"ன்னு தைரியம் சொன்னேன்.

லக்ன பத்திரிகை படிச்சாச்சு. மந்திரம் சொன்ன வாத்தியாருக்கு வேற இடத்துல அவசரம், சாப்பிடாமலே போயிட்டார். இலை போட்டா. கோமளாவோட தம்பிகள் பரிமாறினா. எதுக்கு அப்புறம் எதுன்னு நான் என் வழக்கப்படி சொல்லி அனுப்பினேன். நான் கூடத்துக்குப் போகலை, அடுப்படிக் கதவு இடுக்குல நின்னுண்டேன். எனக்குக் காது நன்னாக் கேக்கும்.

முதல்ல பேச்சும் சிரிப்புமா இருந்தது. பரிமாறப் பரிமாற ஒவ்வொரு பேச்சா நின்னுது. சாப்பாடு நன்னா இருந்தா அப்படித்தான். அப்புறம் பார்க்கறேன், ஒருத்தரும் சாப்பிட ஆரம்பிக்கலை. முதல் இலையில அத்தையோட ஆத்துக்காரர் நடேசன், ரொம்ப வயசானவர், வெறும் மேல்ல அங்கவஸ்திரம். அவர் இலையைப் பார்த்தார். எள்ளுருண்டையைப் பார்த்தார். கை தானாப் போய், பூணூலை எடுத்து வலது தோளுக்கு மாத்திண்டது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பித்ரு காரியத்துலதான் அப்படி மாத்திப்பா. நான் என்ன நினைச்சேன்னா, வயசானவர், இடது தோள்ல அரிச்சிருக்கும்.

அவர் பக்கத்துல அத்தை, சீதாலக்ஷ்மி. "என்னன்னா பண்றேள்?"னாள்.

"பின்ன? ஆரம்பிக்க வேண்டாமா? கர்த்தா யாரு?"ன்னார் அவர். கர்த்தான்னா தெவசம் பண்றவன்.

சேதுராமனுக்கு ஒண்ணும் புரியலை. நடு ஹால்ல கையைக் கட்டிண்டு நின்னார். "எல்லாம் முப்பது கிலோமீட்டருக்குள்ள விளைஞ்சது. ஒரு சொட்டு மருந்து கிடையாது. நம்ம பெரியவா சாப்பிட்ட சாப்பாடு இதுதான்"னார்.

"தெரியறது. பெரியவா இப்பவும் இதைத்தான் சாப்பிடறா. மேல இருந்துண்டு"ன்னாள் அத்தை.

கூடத்துல ரெகார்டை யாரோ நிறுத்தினா. அத்தை இலையை மூடலை, அவ்வளவுதான், இலையிலேர்ந்து கையை எடுத்துண்டாள். "பஞ்சு, எழுந்திரு. சுபத்துக்கு வந்த இடத்துல தெவசச் சாப்பாடு போட்டிருக்கா. இந்த சம்பந்தம் நமக்கு வேண்டாம்"னாள். ஹரிணி தூண் பக்கத்துல நின்னாள். பையன் நிகில் அவளைப் பார்க்கறான், அப்பாவைப் பார்க்கறான். சேதுராமன் பாவம், "இது சீசன் காய் மாமி, சீசன் காய்"னு சொல்லிண்டே இருக்கார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்காம எழுந்துக்கறதாவது. அந்த பிட்லைக்கு நான் எத்தனை நேரம் வறுத்து அரைச்சிருக்கேன்.

பஞ்சாபகேசன் எழுந்துக்கலை. எள்ளுருண்டையைக் கையில எடுத்து வெச்சுண்டு அதையே பார்த்துண்டிருந்தார். "அக்கா"ன்னார். "அம்மாவோட திதி ஆடி தேய்பிறை பஞ்சமிதானே?"

"ஆமாம். அதுக்கென்ன இப்போ? பண்ணினியோல்லியோ?"

அவர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஞ்சு, உன்னைத்தான் கேக்கறேன். பண்ணினியா?"

"வீடு மாத்தற அவசரத்துல விட்டுப் போச்சுக்கா."

அத்தையோட கோபம் அப்படியே சேதுராமனை விட்டுத் தம்பி பக்கம் திரும்பித்து. "அம்மாவுக்குப் பிண்டம் போடாம பிள்ளைக்குக் கல்யாணம் பேச வந்தியாடா?"ன்னாள். "அதான் தேடிண்டு வந்துட்டாள். பசியோட வந்துட்டாள். இவா என்ன பண்ணுவா பாவம், யார் பண்ண வேண்டியதை யாரோ பண்ணியிருக்கா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துடுத்து. அவளுக்கும் அம்மாதானே. பஞ்சாபகேசன் அந்த உருண்டையை வாயில போட்டுண்டார். மென்னுண்டே அழுதார். எள்ளுருண்டை மென்னுண்டே அழறது கஷ்டம், பல்லுல ஒட்டும்.

அத்தை மூக்கைத் துடைச்சுண்டு, "அம்மா பாகற்காய்னா உயிரை விடுவாள். இங்க கொஞ்சம் பிட்லை போடுங்கோ"ன்னாள். அப்புறம்தான் எல்லாரும் சாப்பிட்டா. நடேசன் மட்டும் பூணூலை மறுபடி மாத்திக்கணுமா வேண்டாமான்னு கேட்டுண்டே இருந்தார். சாப்பிட்டு எழுந்து, அத்தையே ஹரிணி தலையில பூ வெச்சாள். "எங்கம்மா உன்னைப் பார்த்துட்டுப் போயிட்டாள். இனிமே நான் யாரு வேண்டாம்னு சொல்ல"ன்னாள்.

எல்லாரும் போனப்புறம் கோமளா அடுப்படிக்கு வந்தாள். "மாமி, உங்களுக்குத் தெரியாதா இது?"ன்னாள்.

"எது?"ன்னேன்.

அவள் பாத்திரத்தை எண்ணப் போயிட்டாள். சேதுராமன் சொன்னதைத்தான் நான் பண்ணினேன். ஒரு கேரட் போடுங்கோன்னு அவர் சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனா? அதைக் கேக்க ஆள் இல்லை. இலையில உட்கார்ந்தவா ஒருத்தரும் என்கிட்ட நன்னா இருந்ததுன்னும் சொல்லலை, அதுதான் எனக்குக் குறை.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலை. சமைக்க, சொல்றேன். சாப்பிடப் பத்திரிகை வந்தது. பட்டாபி சமையல். சேதுராமனை கோமளா வாயே திறக்க விடலை. பன்னீர், காளான், எங்கேர்ந்தோ வந்த பச்சைப் பழம், பேர் வாயில நுழையலை. நானும் பொன்னுரங்கமும் கடைசிப் பந்தியில உட்கார்ந்தோம். அவர் கோபி மஞ்சூரியனை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எங்க காயிங்க இதுல எதுவும் இருக்குங்களா மாமி?"ன்னார். வாழையிலை மட்டும்தான்னேன். அதுக்கு சந்தோஷப்பட்டார். பட்டாபி என்னைப் பார்த்து, "மாமி, உங்களால ஒரு நிச்சயதார்த்தமே நடந்துதாமே"ன்னார், சிரிச்சுண்டே. ஆமாம்னேன். நடந்ததுதானே.

அதுக்கு அடுத்த ஆடியில எனக்கு திருச்சியிலேர்ந்து போன் வந்தது. பஞ்சாபகேசன். "மாமி, இந்த வருஷத்துலேர்ந்து அம்மா காரியத்துக்கு நீங்கதான் வந்து சமைக்கணும். அக்காவும் வரா"ன்னார்.

"என்ன பண்ணட்டும்?"னேன்.

"அன்னிக்கு ஹரிணி நிச்சயதார்த்தத்துக்குப் பண்ணினேளே, அதையே பண்ணுங்கோ. ஒண்ணும் மாத்த வேண்டாம். காயும் அந்தத் தோட்டத்துலேர்ந்தே வரட்டும்"னார்.

அதுலேர்ந்து வருஷா வருஷம் போறேன். மேல இருக்கே பெரிய பை, அது என்னோடதுதான், காலம்பற பொன்னுரங்கம் குடுத்து அனுப்பினது. அத்தை வருவாள், அந்தக் கிழவர் வருவார், ஹரிணியும் நிகிலும் குழந்தையைத் தூக்கிண்டு பெங்களூர்லேர்ந்து வருவா. அதே பேர், அதே இலை, அதே பிட்லை. போன தடவை ஹரிணி குழந்தைகிட்ட, "இதுதான்டா அம்மாவோட நிச்சயதார்த்தச் சாப்பாடு"ன்னு சொல்லி ஊட்டினாள். பட்டாபி கல்யாணத்துல என்ன போட்டார்னு கேட்டுப் பாருங்கோ, அவளுக்கே ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது எதிராத்துப் பொண்ணு வழக்கம்போலக் குரலைத் தணிச்சுண்டு, "இன்னிக்கு யாராத்துல மாமி?"ன்னாள். நான் தணிக்கலை. தெருவுக்கே கேக்கற மாதிரி, திருச்சியில நிச்சயதார்த்தச் சமையல்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்.